வாட்ச்மேன் பாய்

தனக்கு ஒரு வீடு வேண்டும் என்று ஸுஹைப் சொன்னதும் காயல்பட்டினத்துத் தரகர் அண்ணன் முறை வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "எந்த மகளுக்கு காக்கா?" என்பதுதான்.

"மகளுக்கு இல்ல. எனக்கு."

தரகர் சிரித்தார். எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கையிலிருந்த டீயைக் குடிக்கத் தொடங்கினார். "பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு ஸுஹைப் கூப்பிட்டால் அவர் போனை எடுப்பதில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்ததுமே தகப்பன் அவளுக்கான வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவான். கல்யாணமானதும் ஆண்தான் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். ஸுஹைபும் அப்படித்தான் நஜ்லாவின் வீட்டுக்குப் போனார். போன சூட்டோடு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினார். அங்கே லாரி உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் வேலை. எட்டுப் பேர் தங்கும் அறையில் சுவரோரமாக ஒரு மேல்கட்டில். தலைமாட்டில் ஓர் ஆணி, அதில் ஒரு பை. வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தக் கட்டிலில்தான் போயிற்று. ஊருக்கு வந்தால் மாமியார், மச்சினிகள், அவர்கள் பிள்ளைகள் என்று எந்த நேரமும் சத்தம் நிறைந்த வீடு. சிறுவயதில் உம்மாவின் வீடும் அதே கூட்டந்தான். பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அவர் யாரும் இல்லாத வீட்டில் தூங்கியதில்லை. அதை அவர் அப்போது நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

போதும் என்று ஒரு வழியாக ஊருக்குத் திரும்பினார். இனி இருவரும் சேர்ந்து இருக்கலாம் என்று நஜ்லா மாடி அறைக்குப் புதுத் திரை தைத்துப் போட்டாள். அந்த வருஷம் முடிவதற்குள் மவுத்தாகிவிட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று காலையில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மறுவருஷம் மகள் ஸஹ்லாவுக்கு நிக்காஹ் நடந்தது. வீடு அவள் பேருக்கு முன்பே எழுதியிருந்ததுதான். மருமகன் ஹம்தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவன். அதிர்ந்து பேசமாட்டான். மாடி அறை புதுத் தம்பதிக்குத்தான் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் ஸுஹைபே தன் சாமான்களைக் கீழே கொண்டுவந்து முன்கூடத்தில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பாடு, கேட்பதற்கு முன் தேயிலைத் தண்ணீர். ஆனால் ஒருநாள் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போகும்போது தான் செருமிக்கொண்டு போவதை அவரே கவனித்தார். உள்ளே மகளும் மருமகனும் இருந்தால் சங்கடப்படக்கூடாது என்று தொண்டை தானாகவே கற்றுக்கொண்டிருந்தது. ஷார்ஜா அறையில்கூட அவர் செருமிக்கொண்டு நுழைந்ததில்லை.

அன்று தீர்மானித்ததுதான் வீடு.

தரகர் கைவிட்ட பிறகு தங்கதுரையிடம் போனார். தங்கதுரை உடன்குடிக்காரர், ஷார்ஜாவில் அவருக்குக் கீழ்க்கட்டில். இப்போது தூத்துக்குடி டவுனில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார்.

"எம் பெரியம்ம மவன் வீடு ஒண்ணு முத்தையாபுரத்துல பூட்டிக் கெடக்கு. அவன் மகன்கூட கோயம்புத்தூர்ல இருக்கான், இனி வரமாட்டான்" என்றார் தங்கதுரை. "ஆனா வே, அங்கன உமக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாது."

"அப்ப எதுக்கு?"

"பாப்போமே" என்றார் ஸுஹைப்.

இரண்டு அறை, ஓர் அடுக்களை, பின்னால் ஒரு முருங்கை. மொட்டைமாடியில் ஏறி நின்றால் உப்பளம் கண் கூசும்படி வெள்ளையாகக் கிடந்தது. அதற்கப்பால் துறைமுகத்துக் கிரேன்கள். துறைமுகச் சாலையில் போகும் லாரிகளின் சத்தம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்துக் கேட்டது, நின்றது. அவருக்குப் பிடித்துவிட்டது.

ஸஹ்லாவிடம் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது.

"ஊர்ல என்ன சொல்லுவாங்க வாப்பா? மருமகன் வந்ததும் வாப்பாவ வெளிய அனுப்பிட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?"

"பேசினா, எங்க வாப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டுன்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் பத்திரப்பதிவு அன்றைக்கு அவருடைய சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

சாவி கைக்கு வந்தது. பெயின்டர்கள் வந்தார்கள், எலக்ட்ரீசியன் வந்தான், போனார்கள். கட்டில் வந்தது, மெத்தை வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. எல்லாரும் போன ஒரு மத்தியானத்தில் ஸுஹைப் தன் வீட்டின் முன்கதவை முதன்முதலாக உள்ளேயிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அடுத்த அறையில் யாரோ இருப்பது போலவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அங்கே யாரும் இல்லை என்பது அவருக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. மூச்சு மேலேயே நின்றது. நஜ்லா சொன்ன நெஞ்சு வலி இதுதானோ என்று ஒரு நினைப்பு வந்ததும் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்து நின்றார். வெயில் சுட்டது. சற்று நேரத்தில் மூச்சு இறங்கியது. அன்று மாலை பஸ்ஸிலேயே காயல்பட்டினத்துக்குத் திரும்பிவிட்டார்.

"அங்கயே தங்கலையா வாப்பா?" என்றாள் ஸஹ்லா.

"பெயின்ட் காயலம்மா. ஒரே வாடை."

மறுநாள் தண்ணீர் மோட்டார் சரியில்லை என்றார். அதற்கு மறுநாள் கரண்ட் மீட்டரில் ஏதோ கோளாறு. தினமும் காலையில் திருச்செந்தூர்–தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிப்பார். முத்தையாபுரத்தில் இறங்கி, வீட்டைத் திறந்து, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு முற்றத்தைப் பெருக்குவார். முருங்கைக்குத் தண்ணீர் விடுவார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். பக்கத்து ஓட்டலில் சாப்பிடுவார். மாலையில் அஸர் தொழுததும் எல்லாவற்றையும் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போவார்.

அவருடைய பழைய வேஷ்டிக்கும் கையிலிருந்த விளக்குமாற்றுக்கும் தெருக்காரர்கள் ஓர் அர்த்தம் வைத்திருந்தார்கள் என்பது பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி பேசிய அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அவள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "பாய், உங்க மொதலாளி எப்ப வாராவ?" என்று கேட்டாள்.

"யாரு?"

"வீட்டுக்காரவியதான். கல்ஃப் பார்ட்டி வாங்கியிருக்காவன்னு சொன்னாவ. தெனமும் நீங்கதான் வந்து காவல் இருக்கிய. அவியள ஒருநாளும் காணோமே?"

நான்தான் என்று சொல்ல வாய் திறந்தார். உடனே அடுத்த கேள்வி வருமே என்று தோன்றியது. உங்க வீடுன்னா பின்ன ஏன் தெனமும் பூட்டிட்டுப் போறிய? அதற்கு என்ன சொல்வது?

"வருவாரு. அடுத்த வாரம்" என்றார்.

அப்படியாக ஸுஹைப் தன் வீட்டுக்குத் தானே வாட்ச்மேன் ஆனார். சொல்லப்போனால் அது அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. வாட்ச்மேன் உள்ளே படுக்க வேண்டியதில்லை. வாட்ச்மேன் வாசலில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தெருவில் போகிறவர்கள் "என்ன வாட்ச்மேன் பாய்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள். இசக்கிசெல்வி சில நாள் ஒரு டம்ளரில் காப்பி நீட்டுவாள். அவளுடைய கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனால் வர நாலைந்து நாளாகும்.

ஒருநாள் அவளே ஆரம்பித்தாள். "உங்க மொதலாளிக்குக் குடும்பம் பெருசா பாய்?"

"சம்சாரம் இல்ல. தவறிட்டாங்க."

"ஐயோ. பிள்ளைய?"

"ஒரு மக. கட்டிக் குடுத்தாச்சு."

"அப்ப தனியாளா?" அவள் புதுப் பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்தாள். "அதான் வரல. பயப்படுதாரு, பாத்துக்கிடுங்க."

"ஆம்பளைக்கு என்ன பயம்?" என்றார் ஸுஹைப்.

"ஏன், ஆம்பளைக்கு வராதா? கல்யாணம் முடிஞ்சி நான் இங்கன வந்த புதுசுல எங்க வீட்டு ஆளு லாரியில போயிட்டா, நான் அழாத நாள் கெடையாது. எங்கம்ம வீட்டுல நாங்க ஆறு பேரு. இங்கன வந்தா ஒத்தையில. பல்லி சத்தம் போட்டாலும் எந்திச்சி உக்காந்திருவேன்."

"பெறவு?"

"பெறவென்ன. பயந்துக்கிட்டே சோறு பொங்கினேன், பயந்துக்கிட்டே தூங்கினேன். அது பாட்டுக்கு இருந்துச்சு, நான் பாட்டுக்கு இருந்தேன். எப்ப போச்சுன்னு தெரியாது." டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியவள் மறுபடியும் மதிலருகே வந்தாள். "அவியட்ட சொல்லுங்க பாய், வரச் சொல்லி. நாங்கள்லாம் இருக்கோம்லா."

"சொல்லுதேன்" என்றார் ஸுஹைப்.

சொல்லவும் செய்தார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மனசுக்குள். ஆனால் மறுநாளும் அஸர் தொழுததும் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மொட்டைமாடியில் முருங்கைச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு கார் வந்து நின்றது. இசக்கிசெல்வியின் குரல் தெரு முழுவதும் கேட்டது.

"வாட்ச்மேன் பாய்! இறங்கி வாங்க! உங்க வீட்டுக்காரவிய வந்துட்டாவ!"

எட்டிப் பார்த்தார். ஸஹ்லா இறங்கி நின்றாள். பின்னால் ஹம்தான், கையில் பெரிய டிபன் கேரியருடன். இசக்கிசெல்வி கேட்டைத் தானே திறந்துவிட்டு அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "வாங்க சார், இப்பவாது வந்தியளே. மொதல்ல இந்தச் சாக்கடைய என்னன்னு பாருங்க. ஆனா ஒண்ணு, உங்க வாட்ச்மேன் தங்கமான மனுசன். முத்தத்த எப்படி வச்சிருக்காருன்னு பாருங்க. சம்பளத்தக் கூட்டிக் குடுக்கணும், ஆமா."

ஹம்தான் ஒன்றும் புரியாமல் தலையாட்டினான். ஸுஹைப் விளக்குமாற்றோடு படியில் இறங்கி வந்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"வாப்பா" என்றாள் ஸஹ்லா.

இசக்கிசெல்வி அவளைப் பார்த்தாள். பிறகு ஸுஹைபைப் பார்த்தாள்.

"நான்தான் தாயி வீட்டுக்காரன்" என்றார் அவர்.

இசக்கிசெல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஸஹ்லா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் விரலை வைத்துத் தேய்த்தாள். குழாயைத் திறந்தாள், தண்ணீர் நன்றாகவே கொட்டியது. விளக்கைப் போட்டாள், எரிந்தது. உள்ளறையில் மெத்தை, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கட்டிலில் கிடந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா வாப்பா? இந்தத் தெருவுல?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"பின்ன?"

"யாருமே இல்ல. அதான்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பயமா இருக்கும்மா. கதவச் சாத்தினா பயமா இருக்கு."

இதைச் சொல்லி முடித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸஹ்லா சிறுபிள்ளையாக இருந்தபோது போனில் அழுவாள், இருட்டு பயமாக இருக்கிறது, வந்துவிடுங்கள் வாப்பா என்று. அடுத்த பெருநாளுக்கு வருகிறேன் என்று அவர் ஷார்ஜாவிலிருந்து சொல்லுவார்.

"அப்ப எதுக்கு இந்தப் பாடு? வந்துருங்க. வித்துரலாம்" என்றாள் அவள்.

ஹம்தான் கேரியரைத் தரையில் வைத்தான். "மாமா, நான் வேணா ரெண்டு நாள் இங்க வந்து படுக்கட்டா? ஆபீசும் பக்கந்தானே." சற்றுத் தயங்கிச் சொன்னான்: "உங்க வீட்டுக்கு வந்த புதுசுல எனக்கும் தூக்கம் வரல மாமா. எந்தப் பக்கம் கால நீட்டுறதுன்னுகூடத் தெரியல. எல்லாரும் முழிச்சிட்டு இருக்கிற மாதிரியே இருக்கும்."

ஸஹ்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

ஸுஹைபுக்குச் சிரிப்பு வந்தது. நஜ்லாவின் வீட்டில் முதல் மாதம் அவரும் சுவரைப் பார்த்தபடி முழித்துக் கிடந்தவர்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. "வேண்டாம் மாப்ள" என்றார். "மொதல்ல சாப்புடுவோம்."

நெய்ச்சோறும் களறிக்கறியும். வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. கேரியர் மூடிகளில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் முதன்முதலாகச் சாப்பாட்டு வாசம் பரவியது.

அஸர் தொழுததும் புறப்பட்டார்கள். ஸஹ்லா மீதிச் சோற்றை ஒரு டப்பாவில் போட்டு, சுவர் ஆணியில் தொங்கிய அவருடைய பைக்குள் வைத்தாள்; பாத்திரங்களைக் கழுவிக் கேரியரில் அடுக்கினாள். அவருடைய பையையும் ஆணியிலிருந்து எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "பூட்டுங்க வாப்பா. சேர்ந்தே போயிருவோம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கார் வரைக்கும் வந்தார். பின்கதவு திறந்திருந்தது. ஏறுவதற்காகக் கையைக் கதவில் வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றி எடுத்தார்.

"நீங்க போங்கம்மா."

"வாப்பா..."

"போங்க. மஃரிபுக்கு முன்னால வீடு போய்ச் சேரணும்ல."

ஸஹ்லா அழுதுகொண்டே ஏறினாள். ஹம்தான் ஸலாம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். தெரு முனையில் பின்விளக்கு சிவப்பாக ஒருமுறை எரிந்தது. கார் திரும்பிப் போய்விட்டது.

ஸுஹைப் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படி நின்றது இதுவே முதல்முறை என்று அவருக்குத் தோன்றியது. எப்போதும் வண்டியில் ஏறிப் போனவர் அவர்தான். ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் பெட்டி வண்டியில் ஏறும்; நஜ்லா பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நிற்பாள், தெருவுக்கு வரமாட்டாள். வண்டி திரும்பியதும் அவருக்கு விமான டிக்கெட், பாஸ்போர்ட், முதலாளி என்று நினைக்க ஆயிரம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு அவள் உள்ளே போய் என்ன செய்தாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு பேர் இருந்த வீட்டில், மாடியேறி, அவர் படுத்தெழுந்த படுக்கை அப்படியே கிடக்கும் அந்த அறைக்குள் நுழைந்து, விளக்கைப் போட்டு... ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும். போனில் பேசும்போது அவள் "சாப்டீங்களா" என்றுதான் ஆரம்பிப்பாள்.

வெயில் இறங்கிவிட்டது. உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பயம் வரத்தான் செய்தது. மஃரிப் தொழும்போது வந்தது, மீதிச் சோற்றைச் சாப்பிடும்போது வந்தது, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும்போது அது மொடமொடவென்று போட்ட சத்தத்திலும் வந்தது. எழுந்து வெளியே ஓடவில்லை, அவ்வளவுதான். எல்லா அறையிலும் விளக்கை எரியவிட்டுப் படுத்தார். நெடுநேரம் முழித்திருந்தார். அழவும் செய்தார், செருமி மறைக்க வேண்டிய அவசியம் இல்லாததால் சத்தமாகவே. எப்போது தூங்கினார் என்று தெரியாது. விடியற்காலை சுபுஹு பாங்கு தூரத்தில் கேட்டுக் கண்விழித்தபோது விளக்குகள் எல்லாம் வீணாக எரிந்துகொண்டிருந்தன.

காலையில் தங்கதுரை போன் செய்தார். ஸஹ்லா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன வே, அங்கனதான் படுத்தீராமே? எப்படி இருந்துச்சு?"

"நீளமா இருந்துச்சு" என்றார் ஸுஹைப்.

தங்கதுரை சிரித்தார். அவரும் சிரித்தார்.

இசக்கிசெல்வி இரண்டு நாள் மதில் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வச்சிக்கிடாதீய பாய்" என்றாள். தப்பு தன்னுடையது என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் முன்போல அதிகம் பேசுவதில்லை. வாட்ச்மேனிடம் மனம்விட்டுப் பேசிய பேச்சை வீட்டுக்காரரிடம் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. ஸுஹைபுக்கு அது ஓர் இழப்பாகத்தான் தோன்றியது. நாட்கள் நீளமாகவே இருந்தன. ஒருவருக்குச் சோறு பொங்கும் அளவு அவருக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. சில மத்தியானங்களில், யாராவது பேசிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே, மளிகைக் கடைக்குப் போய்த் தேவையில்லாத ஒன்றை வாங்கி வருவார்.

வெள்ளிக்கிழமைகளில் காயல்பட்டினத்துக்குப் போய் ஜும்ஆ தொழுதுவிட்டு மகள் வீட்டில் சாப்பிடுவார். ஸஹ்லா இப்போதெல்லாம் தங்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. வயிற்றில் பிள்ளை, அவளுக்கே அசதி. மாலையில் அவர் எழுந்தால், வழியில் திறந்து சாப்பிட முடியாதபடி இறுக மூடிய ஒரு டப்பாவில் எதையாவது போட்டுக் கொடுப்பாள்.

"போயிட்டு வாரேம்மா" என்பார். ஹம்தான் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவான்.

முத்தையாபுரத்தில் இறங்கும்போது இருட்டியிருக்கும். உப்பு லாரிகள் வரிசையாகப் போகும். அவை போகும்வரை ஓரமாக நின்று, சாலையைக் கடப்பார். தெருவில் எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய வீடு மட்டும் இருட்டாக நிற்கும். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பூட்டைத் திறந்து உள்ளே போய், விளக்கைப் போடுவார்.